கறுப்பு பானெட் போட்ட நீலக் கார்

புதுப்பித்த பழைய காரை விற்பவர் முதலில் காட்டுவது பெயிண்டை. வாங்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது, தரையில் மல்லாந்து படுத்தால் மட்டுமே கண்ணில் படும் இரும்பை. எல்லாப் பழைய கார்களுக்கும் பொருந்தும் இந்த விதி இத்தாலியின் லான்சியா நிறுவனம் செய்த ஃபுல்வியா கூப்பே என்ற இரு கதவுக் காருக்கு இன்னும் கடுமையாகப் பொருந்துகிறது. சென்ற மாதம் அப்படி ஒரு காரைப் பார்க்கப் போனேன். அன்றிலிருந்து என் மனம் அதையே சுற்றிக்கொண்டிருக்கிறது.

நான் டூரின் நகரில் வேலை பார்க்கிறேன். என்னோடு பணிபுரியும் நண்பரின் தந்தை, டூரினுக்கு வடகிழக்கே கிவாஸ்ஸோவில் இருந்த லான்சியா தொழிற்சாலையில் தொழிலாளி. ஃபுல்வியா அங்கேதான் உருவானது. தந்தை கட்டிய கார்களில் ஒன்று தன்னிடம் இருக்க வேண்டும் என்பது நண்பரின் நெடுநாள் ஆசை. நகருக்கு வெளியே ஒரு பழைய கார் வியாபாரியிடம் 1969ஆம் ஆண்டின் கூப்பே ராலி 1.3 எஸ் வந்திருப்பதாகத் தெரிந்ததும், இயந்திரங்களில் பழக்கம் உள்ளவன் என்று என்னையும் அழைத்துக்கொண்டார். "முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது" என்று விளம்பரம் சொன்னது. சிவப்பு உடல், பளபளப்பில்லாத கறுப்பு பானெட், பம்பர்கள் கழற்றப்பட்ட முகம், முன் மட்கார்டில் ஓடும் யானைகள். பார்த்ததும் யாருக்கும் கை பணப்பையைத் தேடும்.

அந்த உடலை வரைந்தவர் பியெரோ காஸ்தாஞேரோ. வெளியிலிருந்து புகழ்பெற்ற வடிவமைப்பு நிறுவனங்களை அமர்த்துவது வழக்கமாக இருந்த காலத்தில், லான்சியாவின் சொந்த வடிவமைப்புப் பிரிவுக்குள் இருந்தே 1965இல் இந்தக் கூப்பேயை அவர் கொண்டுவந்தார். ரீவா விசைப்படகுகள் அவருக்குத் தூண்டுதலாக இருந்தன என்பார்கள். காரின் பக்கவாட்டில் நின்றால் அதை நம்பத் தோன்றும். இடுப்புக்குக் கீழே கனமான உடல், அதன்மேல் மெல்லிய தூண்களில் நிற்கும் கண்ணாடி அறை. உள்ளே உட்கார்ந்தால் நாலாபுறமும் வெளிச்சம். இன்றைய கார்களில் தூண்கள் தடித்து, கண்ணாடி சுருங்கி, ஓட்டுபவர் பதுங்குகுழியில் இருப்பதுபோல் ஆகிவிட்டது. ஃபுல்வியாவில் உட்கார்ந்தவருக்கு வண்டியின் நான்கு மூலைகளும் தெரியும்.

ஆனால் இந்தக் காரின் உண்மையான செல்வம் பானெட்டுக்கு அடியில் இருக்கிறது. நான்கு சிலிண்டர்கள் 'வி' வடிவில் நிற்கின்றன. இரு வரிசைகளுக்கும் இடைப்பட்ட கோணம் 13 டிகிரிக்கும் சற்றுக் குறைவு. அவ்வளவு நெருக்கமாக நிற்பதால் இரண்டு வரிசைக்கும் சேர்த்து ஒரே சிலிண்டர் ஹெட் போதுமானதாகிறது. அந்த ஹெட்டில் இரண்டு கேம் ஷாஃப்டுகள். ஒன்று உள்ளிழுக்கும் வால்வுகள் அனைத்தையும் இயக்குகிறது, மற்றொன்று புகை வெளியேற்றும் வால்வுகள் அனைத்தையும். முழு எஞ்சினும் 45 டிகிரி சாய்த்துப் படுக்கவைக்கப்பட்டிருக்கிறது, பானெட் தாழ்வாக இருக்கட்டும் என்று. முன்சக்கரங்களுக்குக் குறுக்கே ஒரே லீஃப் ஸ்பிரிங். நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக். கூப்பேயில் 1216 சிசியில் தொடங்கிய எஞ்சின் பின்னர் 1298 சிசியாக வளர்ந்தது. 1.3 எஸ் மாடலில் அது 90க்குச் சற்று மேற்பட்ட குதிரைத்திறன் தருகிறது.

ஒரு சிறிய குடும்பக் காரின் அடிப்படையில் பிறந்த கூப்பேக்கு இத்தனை எதற்கு? வரிசையாக நான்கு சிலிண்டர்களை நிறுத்தி ஓர் எளிய எஞ்சின் செய்திருந்தால் குறைந்த செலவில் முடிந்திருக்கும். லான்சியா அப்படி யோசித்ததில்லை. வின்சென்ஸோ லான்சியா 1906இல் டூரினில் தொடங்கிய நிறுவனம் அது. 1922இல் அவர் காட்டிய லாம்டாவில் குறுகிய கோண வி4 எஞ்சின் இருந்தது. தனியாக ஒரு சேஸி இல்லாமல் உடலே எடையைத் தாங்கும் கட்டமைப்பு இருந்தது. முன்சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கின. அவர் மறைந்தபின் 1950இல் வந்த அவுரேலியா, வி6 எஞ்சினோடு வரிசை உற்பத்திக்கு வந்த முதல் கார். ஃபுல்வியாவின் தலைமைப் பொறியாளர் அந்தோனியோ ஃபெஸ்ஸியா பேராசிரியராகவும் இருந்தவர். முன்சக்கர இயக்கமே சரியான வழி என்பதில் அவருக்கு ஐயமே கிடையாது. 1960இல் ஃப்ளாவியாவில் அதைச் செய்துகாட்டினார், 1963இல் ஃபுல்வியா செடானில் தொடர்ந்தார். அவருடைய எண்ணத்தை இந்த எஞ்சினாக வடித்துக் கொடுத்தவர் எத்தோரே ஸக்கோனே மினா.

செலவைப் பார்க்காமல் கார் கட்டியவர்களுக்குக் காலம் கருணை காட்டவில்லை. கடன் மேல் கடன் ஏறி, 1969இல் லான்சியா ஃபியட்டின் கைக்குப் போயிற்று. நாங்கள் பார்க்கப் போன கார் அதே ஆண்டில் பிறந்தது. டூரினில் போர்கோ சான் பாவோலோ பகுதிக்கு இன்றும் போனால், வின்சென்ஸோ லான்சியா பெயர் தாங்கிய தெருவின் குறுக்கே, அதன் மேலேயே கால் பரப்பி நிற்கும் லான்சியாவின் முன்னாள் அலுவலகமான உயர்ந்த கட்டடத்தைப் பார்க்கலாம். அதைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். அங்கே இருந்தவர்கள் வியாபாரத்தில் தோற்றார்கள் என்பதை ஏற்கிறேன். அவர்கள் வேலையில் தோற்றார்கள் என்று யாரையும் சொல்ல விடமாட்டேன்.

இந்தப் பழங்கதை இன்றைய விற்பனையை நேரடியாகத் தொடுகிறது. கட்டும்போது சிக்கலாக இருந்த கார், பிரித்து மாட்டும்போதும் சிக்கலாகவே இருக்கும். அந்த எஞ்சினைச் சரியாகத் திறந்து மூடத் தெரிந்த மெக்கானிக்குகள் குறைவு. 1970க்கு முந்தைய முதல் வரிசைக் கார்களில் இருக்கும் டன்லப் பிரேக்குகள் நீண்டகாலம் நின்றால் இறுகிக்கொள்ளும், அவற்றை மீட்பது பொறுமைக்குச் சோதனை. இன்னொரு பக்கம், கூப்பேகள் 1976 வரை பெரிய எண்ணிக்கையில் உற்பத்தியானதால் சாதாரண 1.3 ஒன்றின் சந்தை விலை ஓர் அளவுக்கு மேல் ஏறுவதில்லை. விளைவு, முறையாகச் செய்த புதுப்பிப்பின் செலவு காரின் விலையைத் தாண்டிவிடுகிறது. விற்பதற்காகவே புதுப்பிப்பவருக்கு இரண்டே வழிகள். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் மிச்சம் பிடிக்கலாம், அல்லது காரை அதைவிட விலை உயர்ந்த வேறொன்றுபோல் உடுத்தலாம்.

முதல் வழியைக் கண்டுபிடிக்கக் காரை லிஃப்டில் ஏற்றச் சொன்னோம். வியாபாரி மறுக்கவில்லை, அது நல்ல அறிகுறி. ஃபுல்வியாவில் எஞ்சின், கியர்பெட்டி, முன் சஸ்பென்ஷன் மூன்றையும் ஒரு தனிச் சப்-ஃபிரேம் தாங்குகிறது. அது உடலோடு இணையும் இடங்கள்தாம் இந்தக் காரின் உயிர்நிலை. டூரின் இருக்கும் பியெமான்ட் பகுதியில் குளிர்காலச் சாலைகளில் உப்புத் தூவுவார்கள். உப்பும் சேறும் சேர்ந்து அந்த மடிப்புகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், வெளியே தெரியாமல் அரிக்கும். சப்-ஃபிரேமைக் கழற்றாமல் அங்கே வெல்டிங் செய்ய முடியாது. கழற்றுவது என்றால் எஞ்சினையே இறக்க வேண்டும். அதனால்தான் பலர் அந்த இடத்தில் தகட்டை ஒட்டவைத்து, மேலே கறுப்புத் தார்ப்பூச்சைக் கனமாக அடித்து மூடிவிடுகிறார்கள். அடிப்பாகம் முழுவதும் புத்தம் புதிதாகக் கறுப்பு மின்னும் ஃபுல்வியாவைக் கண்டால் நான் உடனே சந்தேகப்படுவேன்.

இந்தக் காரில் அந்தப் பூச்சு மெல்லியதாக இருந்தது. அதற்கு அடியில் தகடுகளின் விளிம்புகளும் தொழிற்சாலையின் ஸ்பாட் வெல்டிங் புள்ளிகளும் தெரிந்தன. இடப்பக்க இணைப்பில் புதிய இரும்பு வைத்திருந்தார்கள், பழைய தகட்டின் மடிப்பை அப்படியே பின்பற்றி. பின்பக்க லீஃப் ஸ்பிரிங்குகள் தொங்கும் தாங்கிகள், ஜாக்கி வைக்கும் இடங்கள், டிக்கியின் தரை, முன்கண்ணாடித் தூண்களின் அடி என்று எங்கெல்லாம் துரு வரும் என்று தெரியுமோ அங்கெல்லாம் விரலால் தடவி, சிறு சுத்தியால் தட்டிப் பார்த்தோம். பட்டி கனமாக வைத்த இடத்தில் வரும் செத்த ஓசை எங்கும் வரவில்லை. யாரோ ஒருவர், கூலியைத் தாண்டிய அக்கறையோடு, டிங்கரிங் செய்திருக்கிறார்.

அந்த 'யாரோ' யார் என்று கேட்டபோதுதான் வியாபாரி ஒரு புகைப்பட ஆல்பத்தை எடுத்துவந்தார். காரை இவரிடம் விற்ற முந்தைய உரிமையாளர் ஒரு முதிய டிங்கரிங் தொழிலாளியிடம் வேலையைக் கொடுத்திருந்தாராம். அந்த மனிதர் ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்து, பின்பக்கம் பென்சிலால் தேதியும் குறிப்பும் எழுதி ஒட்டிவைத்திருந்தார். எஞ்சின் இறங்கிய உடல், அறுத்தெடுத்த துருப்பிடித்த இணைப்பு, அதன் அருகில் புதிதாக வளைத்த தகடு, ஒப்பிடுவதற்காக இரண்டும் ஒரே படத்தில். எனக்கு அந்த ஆல்பத்தை மூட மனமில்லை. கார் எவ்வளவு மோசமாக இருந்தது என்பதையும் மறைக்காமல் காட்டிய ஆவணம் அது. விற்பனை விளம்பரத்தில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. கறுப்பு பானெட்டுக்கு மூன்று படங்கள் இருந்தன.

இனி அந்தப் பானெட்டுக்கு வருகிறேன்.

1972 ஜனவரியில் மான்டே கார்லோ ராலியை வென்றது ஒரு ஃபுல்வியா 1.6 எச்எஃப், அதாவது கூப்பேயின் பந்தய வகை. எண் 14, சிவப்பு உடல், கறுப்பு பானெட். ஓட்டியவர் சாந்த்ரோ முனாரி, அருகில் வழிகாட்டியாக மாரியோ மன்னூச்சி. போர்ஷே 911களும் ஆல்பைன்-ரெனோக்களும் சக்தியில் மேலானவை. ஆல்பைன்கள் பல பழுதாகி நின்றன, முதுமையை எட்டிவிட்ட இந்த முன்சக்கர இயக்கக் கார் மலையேறி முதலில் வந்தது. அதற்கு முன்பே, 1969இலும் 1970இலும், ஸ்வீடனின் ஹாரி ஷெல்ஸ்ட்ரோம் பிரிட்டனின் ஆர்ஏசி ராலியை ஃபுல்வியாவில் வென்றிருந்தார். சேஸரே ஃபியோரியோ வளர்த்த எச்எஃப் அணியின் யானைச் சின்னம் அப்படித்தான் இத்தாலியர்களின் நெஞ்சில் பதிந்தது. அந்த 1972ஆம் ஆண்டின் தயாரிப்பாளர் பட்டமும் லான்சியாவுக்கே வந்தது. இத்தாலியில் ஒரு தலைமுறைக்கு ஃபுல்வியா என்றாலே சிவப்பும் கறுப்பும்தான்.

அதனால்தான் சாதாரண 1.3கள் பலவும் இன்று அந்த உடையில் திரிகின்றன. உண்மையான 1.6 எச்எஃப்பின் முதல் வரிசை, முகப்பின் நான்கு விளக்குகளில் உள்பக்கத்து இரண்டும் பெரிதாக இருப்பதால் 'ஃபனலோனே' என்று செல்லமாக அழைக்கப்படுவது, ஏறத்தாழ 1,250 மட்டுமே உருவானது. அதன் விலை சாதாரணக் கூப்பேயின் விலையைப் போல் பல மடங்கு. போலிகள் வருவதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம். பிரித்தறிவது கடினமும் இல்லை. ஃபுல்வியாவின் வகை எண் 818. அதற்குப் பின்னால் வரும் மூன்று இலக்கங்கள் மாடலைச் சொல்லிவிடும். 540 என்றால் ஃபனலோனே, 360 என்றால் 1.3 எஸ். ஃபனலோனேயின் கதவும் பானெட்டும் அலுமினியக் கலவையில் செய்தவை, சட்டைப்பையில் ஒரு காந்தம் இருந்தால் உதவும். எங்கள் காரின் எண் 360தான். வியாபாரியும் அதை மறைக்கவில்லை. உடை மட்டும் எச்எஃப், ஆள் 1.3 என்று தெளிவாகவே சொன்னார். ஆனாலும் விலையில் அந்த உடைக்கும் ஒரு பங்கு இருந்தது.

காரின் ஆவணங்களைப் பார்த்தபோது மனம் இன்னும் நெகிழ்ந்தது. இத்தாலியில் ஒரு வண்டியின் உரிமையாளர் வரலாறு முழுவதையும் வாகனப் பதிவேட்டிலிருந்து நகலாகப் பெறலாம். இந்தக் காருக்கு அக்காலத்துக் கறுப்பு நம்பர் பலகை இன்னும் இருக்கிறது, டூரினின் இரண்டு எழுத்துகளோடு. அந்நாள்களில் உரிமையாளரின் மாகாணம் மாறினால் பலகையும் மாற வேண்டும். ஆகவே அந்தக் காலம் முழுவதும் இது டூரின் மாகாணத்திலேயே இருந்திருக்கிறது. பிறந்த இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில். ராலியில் ஓடியதற்கான தடயம் எதுவும் இல்லை. முதல் உரிமையாளருக்குக் கொடுத்த நிறம் கருநீலம், லான்சியா நீலம் என்றே அதற்குப் பெயர். டிக்கிக்குள், பின்சக்கர மேட்டுக்கு அருகில், பழைய நீலத்தை உள்ளங்கை அகலத்துக்கு விட்டுவைத்திருந்தார் அந்த டிங்கரிங் தொழிலாளி. சுற்றிலும் சிவப்பு, நடுவே நீலம், ஓரங்கள் சீராக வெட்டப்பட்டிருந்தன. ஆல்பத்தில் அதன் படத்துக்குப் பின்னால், நிறத்தை மாற்றச் சொன்னது உரிமையாளர், பிறகு வருபவருக்குத் தெரியட்டும் என்று குறித்திருந்தார்.

பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபீவா 2012ஆம் ஆண்டையொட்டி உருவாக்கிய டூரின் சாசனம் என்றொரு ஆவணம் உண்டு. பழங்காலக் கட்டடங்களையும் நினைவுச் சின்னங்களையும் எப்படிக் காக்க வேண்டும் என்று சொன்ன 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனத்தை அடியொற்றியது. பாதுகாத்தல், மீட்டல் இரண்டையும் அது வேறுபடுத்துகிறது. இயன்றவரை குறைவாகத் தொடு, செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவு செய், புதிதாக வைத்த பாகம் புதிது என்று அடையாளம் தெரியட்டும் என்கிறது. அந்தத் தொழிலாளி இந்தச் சாசனத்தைப் படித்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. அது கேட்பதை எல்லாம் தன் பட்டறையில் செய்திருக்கிறார், உரிமையாளர் கேட்ட ஒன்றைத் தவிர. அந்த ஒன்றுக்கும் சாட்சி வைத்துவிட்டார்.

உடை மாற்றிய கார்களை நான் வெறுக்கவில்லை. முனாரியின் வெற்றியைச் சிறுவனாகக் கண்டவர்கள் முதுமையில் அந்த வண்ணத்தில் ஒன்றை ஓட்ட ஆசைப்படுவது இயல்பு. ஆனால் கருநீலத்தில் பிறந்து, டூரினில் யாரோ ஒருவரைத் தினமும் வேலைக்குக் கொண்டுபோய், வார இறுதிகளில் குடும்பத்தை மலைக்கு ஏற்றிய காருக்கும் ஒரு வாழ்க்கை இருந்தது. அந்த வாழ்க்கையை வேறொரு காரின் புகழால் மூடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. புகழ்பெற்றவை அருங்காட்சியகங்களில் பத்திரமாக இருக்கின்றன. சாதாரணமானவற்றின் நினைவை அவற்றை வைத்திருப்பவர்தாம் காக்க வேண்டும்.

ஓட்டிப் பார்க்க அனுமதி கிடைத்தது. டூரினுக்குக் கிழக்கே, சூப்பர்கா பக்கம் ஏறும் குன்றுச் சாலையில் முதலில் நண்பர், பிறகு நான். நிறுத்தும்போதும் எடுக்கும்போதும் ஸ்டீயரிங் கனம், எஞ்சின் எடை முழுவதும் முன்சக்கரங்களுக்கு முன்னால் தொங்குவதால். வேகம் கூடக் கூட அந்தக் கனம் கரைந்து, சாலையின் ஒவ்வொரு பிளவும் உள்ளங்கைக்கு வருகிறது. வளைவில் முகம் வெளியே போகப் பார்க்கும். ஆக்ஸிலரேட்டரைச் சற்றே தளர்த்தினால் தானாக உள்ளே திரும்பும். நான்கே கியர்கள்தாம், ஐந்தாவது கியர் 1970இல் வந்த இரண்டாம் வரிசையில்தான் இந்த 1.3களுக்குக் கிடைத்தது. அந்தக் குறுகிய வி4, மூவாயிரம் சுற்றுக்குக் கீழே முனகிக்கொண்டிருந்து, அதற்கு மேலே தொண்டையைத் திறக்கிறது. இறக்கத்தில் பிரேக் நேராகப் பிடித்தது. நண்பர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவருடைய தந்தையின் கை இந்த உடலின் ஏதாவது ஒரு போல்ட்டைத் தொட்டிருக்குமா என்பதை அறிய வழியில்லை. அவர் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியும்.

திரும்பி வந்து விலை பேசினோம். இத்தாலியில் 30 ஆண்டு கடந்த கார்களுக்கு வழக்கமான வாகன வரி கிடையாது. வரலாற்று மதிப்புச் சான்றிதழும் இந்தக் காருக்கு இருக்கிறது. எனவே வைத்திருக்கும் செலவு நண்பரை அச்சுறுத்தவில்லை. கேட்ட தொகைதான் அதிகம். நான் அவருக்குச் சொன்னது இதுதான்: அடித்தட்டில் நடந்த வேலைக்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும், அதே வேலையை இன்று புதிதாகச் செய்யப் போனால் கார் விலையே ஆகிவிடும். எஞ்சினும் பிரேக்கும் நன்றாக இருக்கின்றன, அவற்றுக்கும் கொடுக்கலாம். சிவப்புக்கும் கறுப்புக்கும் யானைக்கும் கொடுக்க வேண்டியதில்லை. என்றைக்காவது பெயிண்ட் வெளுத்து மறுபடி அடிக்கும் நாள் வரும்போது, டிக்கிக்குள் இருக்கும் அந்தத் துண்டை வைத்து நீலத்தைக் கலந்துகொள்ளலாம். அதுவரை இந்தச் சிவப்பைச் சுரண்டி எடுப்பதும் வீண், பெயிண்ட் வேலை நன்றாகவே இருக்கிறது.

நண்பர் தன் தொகையை எழுத்தில் கொடுத்திருக்கிறார், விளம்பர விலையைவிடக் குறைவாக. வியாபாரி யோசித்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறார். தொகையில் சற்று ஏற்றியிறக்கிப் பேச நண்பர் தயார். ஒரு நிபந்தனையில் மட்டும் பேச்சுக்கு இடமில்லை என்று கடிதத்திலேயே எழுதிவிட்டார்: கறுப்பு நம்பர் பலகைகளும் அந்தப் புகைப்பட ஆல்பமும் காரோடு வர வேண்டும், இல்லையென்றால் கார் வேண்டாம்.